தீராத வாயு எங்கே போயிற்று?

மாணவர்களே, சித்திரை, வைகாசி மாதங்களில் கீரனூரிலோ அறந்தாங்கியிலோ ஒரு கார்ப் பணிமனைப் பக்கம் சென்றால் இத்தகைய பேச்சைக் கேட்கலாம்.

“அண்ணே, ஏசியில கூலிங்கே வரலை.”

“கேஸ் தீர்ந்திருக்கும் தம்பி. அடிச்சுடலாம்.”

பழைய வாடகைக் காரை ஓட்டிப் பிழைப்பவர் கோடைதோறும் இதற்குப் பணம் கொடுக்கிறார். அடுத்த கோடையில் மீண்டும் அதே கதை. பெட்ரோல் எரிகிறது, ஆகவே தீர்கிறது. குளிரூட்டும் வாயு எரிவதில்லையே. அது எப்படித் தீரும்?

மூடிய சுற்று

காரின் குளிரூட்டியில் இருப்பது ஆர்-134ஏ என்னும் பொருள். சாதாரண அழுத்தத்தில் அது −26 டிகிரி செல்சியஸிலேயே கொதித்துவிடும். கம்ப்ரசர் இதன் ஆவியை அமுக்குகிறது. ரேடியேட்டருக்கு முன்னுள்ள கண்டென்சரில் அது வெப்பத்தை வெளியே விட்டுத் திரவமாகிறது. பின்னர் ஒரு குறுகிய வால்வைக் கடந்து, டாஷ்போர்டுக்குப் பின்னுள்ள கூலிங் காயிலில் ஆவியாகிறது. ஆவியாவதற்கு வேண்டிய உள்ளுறை வெப்பத்தைக் காருக்குள் உள்ள காற்றிலிருந்து எடுத்துக்கொள்கிறது. தேர் நான்கு வீதியும் சுற்றி நிலைக்குத் திரும்புவதுபோல், ஆவி மீண்டும் கம்ப்ரசருக்கே வந்து சேர்கிறது. வாயு குறைந்ததென்றால் ஏதோ ஓரிடத்தில் கசிகிறது என்பதே பொருள்.

வீட்டுக் குளிர்பதனப் பெட்டி பல ஆண்டுகள் வாயு நிரப்பாமலே ஓடுகிறதே என்று கேட்பீர்கள். அதில் மோட்டாரும் கம்ப்ரசரும் ஒரே இரும்புக் கூட்டுக்குள் வைத்துப் பற்றவைக்கப்பட்டுள்ளன. காரிலோ கம்ப்ரசரை எஞ்சின் பெல்ட் சுழற்றுகிறது. ஆகவே அதன் தண்டு வெளியே நீண்டிருக்க வேண்டும். தண்டைச் சுற்றி ஒரு சீல் வேண்டும். எஞ்சின் அதிர்வதால் ரப்பர்க் குழாய்களும், இணைப்புகளில் ஓ-ரிங் எனப்படும் ரப்பர் வளையங்களும் தேவை. காலப்போக்கில் ரப்பர் இறுகி வெடிக்கிறது.

மானி சொல்லாத செய்தி

அழுத்தமானியை மாட்டினால் வாயு குறைந்தது தெரியாதா? பாடத்தில் படித்த தெவிட்டிய ஆவியழுத்தத்தை நினைவுகூருங்கள். மூடிய கலத்தில் துளியளவேனும் திரவம் இருக்கும்வரை, ஆவியின் அழுத்தம் வெப்பநிலையை மட்டுமே சார்ந்தது. 30 டிகிரியில் ஆர்-134ஏயின் அழுத்தம் வளிமண்டல அழுத்தத்தைப்போல் சுமார் ஏழரை மடங்கு. 40 டிகிரியில் சுமார் பத்து மடங்கு. எஞ்சின் நின்று எல்லாப் பகுதிகளும் ஒரே வெப்பநிலையில் இருக்கும்போது, அரைக் கிலோ இருந்தாலும் கால் கிலோ இருந்தாலும் முள் ஏறத்தாழ ஒரே இடத்தில் நிற்கும்! ஆகவேதான், எஞ்சியிருப்பதை வெளியே எடுத்து எடைபோட்டு, தயாரிப்பாளர் குறித்த எடைக்கு நிரப்புவதே சரியான முறை.

எங்கே தேடுவது?

முதற்கருவி கண்தான். கம்ப்ரசருக்கு வேண்டிய எண்ணெய் வாயுவுடன் கலந்தே சுற்றுகிறது. வாயு கசியுமிடத்தில் எண்ணெயும் கசியும். அதில் தூசி படிந்து கறுப்புத் திட்டாகத் தெரியும். கம்ப்ரசர்த் தண்டு, குழாய் இணைப்புகள், வாயு நிரப்பும் வால்வு ஆகியவற்றை முதலில் பார்க்க வேண்டும். சாலையில் தெறிக்கும் கல் கண்டென்சரைத் துளைக்கலாம். மணமேல்குடி, கோட்டைப்பட்டினம் போன்ற கடலோர ஊர்களில் உப்புக்காற்று அதன் அலுமினியத்தை அரிக்கும்.

அடுத்தது சோப்புக் குமிழி. இதில் பொறுமை ஏன் வேண்டும் என்பதை ஒரு கணக்கால் அறியலாம். ஆர்-134ஏயின் மூலக்கூறு எடை 102. ஆண்டுக்கு 51 கிராம், அதாவது அரை மோல் கசிவதாகக் கொள்வோம். 30 டிகிரியில் அதன் பருமன் சுமார் 12.4 லிட்டர். ஆண்டின் 5,25,600 நிமிடங்களால் வகுத்தால் நிமிடத்துக்கு 0.024 கன சென்டிமீட்டர் கிடைக்கும். இது ஒரு சிறு மிளகளவுக் குமிழி! சோப்புநீரைத் தடவியவுடன் “கசிவில்லை” என்று சொல்லிவிட முடியாது. சில நிமிடங்கள் உற்றுப் பார்க்க வேண்டும்.

கை எட்டாத இடங்களுக்கு மின்னணுக் கசிவுகாட்டி உண்டு. இந்த வாயு காற்றைப்போல் மூன்றரை மடங்கு கனமானது. கசிந்தால் கீழ்நோக்கி இறங்கும். எனவே கருவியின் முனையை இணைப்பின் அடிப்புறமாக நகர்த்த வேண்டும். கூலிங் காயிலைக் கழற்றாமலே, காருக்கு அடியில் நீர் சொட்டும் குழாயின் வாயில் முனையை வைத்துச் சோதிக்கலாம். எண்ணெயில் ஒளிரும் சாயம் கலந்து, சில நாள் ஓட்டியபின் புறஊதா விளக்கில் பார்ப்பது மற்றொரு முறை.

முற்காலத்தில் ஆர்-12 வாயுவுக்கு ஒரு சுடர் விளக்கைப் பயன்படுத்தினர். அந்த வாயுவில் குளோரின் உண்டு. சூடான செம்பின்மீது பட்டால் சுடர் பச்சையாகும். ஆர்-134ஏயில் குளோரின் இல்லாததால் சுடர் நிறம் மாறாது. தவிர, சுடரில் நச்சு வாயுக்களும் உண்டாகும்.

வெற்றிடச் சோதனை போதுமா?

பம்பினால் காற்றை உறிஞ்சிவிட்டு, முள் நகரவில்லை என்பதால் “கசிவில்லை” என்பாரும் உளர். வெற்றிடத்தில் அழுத்த வேறுபாடு ஒரு வளிமண்டலமே. அதுவும் வெளியிலிருந்து உள்நோக்கி. கோடையில் ஓடும்போது உட்புற அழுத்தமோ பதினைந்து மடங்குக்கும் மேல், வெளிநோக்கி. வெற்றிடத்தில் இறுகி அடைத்துக்கொண்ட வளையம் ஓடும்போது திறந்துகொள்ளலாம். ஆகவே உலர்ந்த நைட்ரஜனை உரிய அழுத்தத்தில் ஏற்றிச் சோதிப்பதே நம்பகமானது. ஆக்சிஜனை ஏற்றவே கூடாது. எண்ணெயுடன் சேர்ந்து வெடிக்கும்.

காற்றுக்கும் கணக்குண்டு

கசிவை அடைக்காமல் நிரப்பினால் ஓட்டுநரின் பணம் வீணாகிறது. எண்ணெயும் குறைந்துகொண்டே வந்து, முடிவில் கம்ப்ரசரே பழுதாகும். நட்டம் அதோடு நிற்பதில்லை. ஆர்-12 போன்ற வாயுக்கள் ஓசோனை அழிக்கும் என்று மொலீனா, ரோலண்டு ஆகிய இருவரும் 1974-இல் எச்சரித்தனர். 1987-இல் மாண்ட்ரியல் உடன்படிக்கை உருவானது. இந்தியா 1992-இல் அதில் சேர்ந்து, 2008 ஆகஸ்டில் இவ்வகை வாயுக்களின் உற்பத்தியை நிறுத்தியது. மாற்றாக வந்த ஆர்-134ஏ ஓசோனைக் கெடுப்பதில்லை. ஆனால் நூறாண்டுக் கணக்கில், எடைக்கு எடை கார்பன்-டை-ஆக்சைடைப்போல் சுமார் 1,400 மடங்கு புவியைச் சூடாக்க வல்லது. ஒரு காரிலிருந்து அரைக் கிலோ கசிந்தால், 700 கிலோ கார்பன்-டை-ஆக்சைடு சேர்ந்ததற்குச் சமம். அதாவது 300 லிட்டர் பெட்ரோலை எரித்ததற்கு ஈடு. தேய்ந்த ஒரு ரப்பர் வளையத்தை மாற்றினால் இவ்வளவும் மிச்சம்.

எச்சரிக்கை: குளிரூட்டிக் குழாயை நீங்களே கழற்ற முயலாதீர்கள். பீறிடும் திரவம் கண்ணையும் தோலையும் உறையச் செய்யும். சோப்புக் குமிழிச் சோதனையைச் சைக்கிள் டியூபின் வால்வில் செய்து பழகுங்கள்.

சிந்தித்து விடை காண்க

1. ஆண்டுக்கு 255 கிராம் கசிந்தால் நிமிடத்துக்கு எத்தனை மிளகளவுக் குமிழிகள் தோன்றும்?

2. 30 டிகிரியில் நீரின் ஆவியழுத்தம் 32 மி.மீ. பாதரசம். குழாய்க்குள் தங்கிய ஈரத்தை வெற்றிடப் பம்பு எவ்வாறு நீக்குகிறது?

3. திரவம் முழுவதும் ஆவியாகிவிட்ட பின்னரும் கசிவு தொடர்ந்தால் அழுத்தமானி என்ன காட்டும்? ஏன்?