சுவர் டைல்ஸ்: பாதி நகர்வா, மூன்றில் ஒரு பங்கா?

சமையலறைச் சுவரிலோ குளியலறையிலோ டைல்ஸைச் செங்கல் கட்டுமுறையில் பதிப்பது என்றால், ஒரு வரியின் செங்குத்து இணைப்புகள் அடுத்த வரியின் இணைப்புகளுக்கு நேராக வராதபடி நகர்த்திப் பதிப்பது என்பது பொருள். எவ்வளவு நகர்த்துவது என்பதைப் பலரும் அழகு சார்ந்த முடிவாகவே கருதுகின்றனர். உண்மையில் அதைத் தீர்மானிக்க வேண்டியது டைல்ஸின் நீளமும் அதன் வளைவும் ஆகும்.

சூளையில் சுடப்படும் நீண்ட டைல்ஸ் பெரும்பாலும் நடுவில் சற்றே மேடிட்டிருக்கும். பாதி நகர்வில் ஒரு டைல்ஸின் தாழ்ந்த முனை அடுத்த வரியின் மேடான நடுப்பகுதியை ஒட்டி அமைவதால், விரலால் தடவினால் தட்டுப்படும் படிமேடு உண்டாகிறது. மேலிருந்து விழும் விளக்கொளியில் அது நிழலாகவும் தெரியும். இதனால்தான் அமெரிக்கப் பதிப்புத் தரநிலையான ஆன்சி ஏ108.02, ஒரு பக்கம் 15 அங்குலத்துக்கு மேற்பட்ட டைல்ஸை, மாதிரி பதித்துக் காட்டி ஒப்புதல் பெற்றாலன்றி, 33 விழுக்காட்டுக்கு மேல் நகர்த்த வேண்டாம் என்கிறது. ஆயினும் மூன்றில் ஒரு பங்கு நகர்வை மாமருந்தாக எண்ணுவதற்கில்லை. வளைவு சீரான வில்லாக இருக்குமானால், பாதி நகர்வில் முழு வளைவும் படிமேடாகத் தெரிய, மூன்றில் ஒரு பங்கில் அதில் ஏறத்தாழ ஒன்பதில் எட்டுப் பங்கும், கால் பங்கில் முக்கால் பங்கும் தெரியும் என்பது எளிய வடிவியல். ஆகவே வாங்குமுன் இரண்டு டைல்ஸை முகத்தோடு முகம் வைத்து, முனைகளில் விழும் இடைவெளியைப் பார்ப்பதே முதல் வேலை. இடைவெளி பெரிதெனில் நேர்வரிசையே நல்லது.

சிறிய டைல்ஸில் இந்தக் கவலை குறைவு. 1904-இல் திறக்கப்பட்ட நியூயார்க் சுரங்க ரயில் நிலையங்களில் பதிக்கப்பட்ட 3×6 அங்குல வெள்ளை டைல்ஸின் வழிவந்த 75×150 மி.மீ. அளவுக்குப் பாதி நகர்வு தயக்கமின்றிப் பொருந்தும். தமிழ்நாட்டில் பரவலாக விற்கும் 300×450, 300×600 மி.மீ. டைல்ஸில், அடர்நிறம், வெளிர்நிறம், ஹைலைட்டர் என ஒரே தொகுப்பாக அச்சிட்டு வருபவை நேர்வரிசைக்கென்றே வடிவமைக்கப்பட்டவை. அவற்றை நகர்த்தினால் ஓவியம் துண்டுபடும்.

அடுத்து, வெட்டுத்துண்டுக் கணக்கு. 2,400 மி.மீ. அகலச் சுவரில் 150 மி.மீ. டைல்ஸை 2 மி.மீ. ஸ்பேசர் வைத்து இடது மூலையிலிருந்து தொடங்கினால், வலது மூலையில் ஒரு வரியில் 120 மி.மீ. துண்டும், பாதியில் தொடங்கும் அடுத்த வரியில் வெறும் 44 மி.மீ. துண்டும் விழும். அதற்குப் பதிலாக முதல் வரியில் ஒரு டைல்ஸின் நடுவைச் சுவரின் நடுக்கோட்டிலும், அடுத்த வரியில் இணைப்பை அதே கோட்டிலும் அமைத்தால், இரு ஓரங்களிலும் 59, 135 மி.மீ. துண்டுகள் மாறி மாறிச் சமச்சீராக அமையும். மூன்றில் ஒரு பங்கு முறையில் இத்தகைய சமச்சீர் கிடைக்காது. இணைப்புகள் படிக்கட்டுபோல ஒரு பக்கமாகச் சாய்ந்து செல்லும், குறுகிய சுவரில் அது கண்ணை உறுத்தும்.

எந்த முறையானாலும், கடப்பா மேடையின் விளிம்பு மட்டமாக இருக்குமென்று நம்பி அதன்மேல் முதல் வரியை வைக்காமல், ரசமட்டம் பிடித்து ஒரு கோடு போட்டு, அதன்மீது மரச்சட்டம் அடித்துத் தொடங்குவதே முறை. மேடைக்கும் கோட்டுக்கும் இடைப்பட்ட வரியைக் கடைசியில் வெட்டிப் பொருத்திக்கொள்ளலாம்.