சான்றிதழுக்கு முந்திய பசுமை



மொட்டைமாடியில் சூரியத் தகடும் முகப்பில் தொட்டிச் செடியும் இருந்தால் அது பசுமைக் கட்டடம் என்ற எண்ணத்தை விளம்பரங்கள் பரப்பிவிட்டன. கட்டும்போதும் புழங்கும்போதும் ஆற்றல், நீர், பொருள் ஆகியவற்றை அளவாகச் செலவிட்டு, உள்ளே வாழ்பவரின் உடல்நலத்தையும் காக்கும் கட்டடமே அப்பெயருக்கு உரியது. அத்தகுதியில் பெரும்பங்கு, கருவி எதையும் வாங்கும் முன்பே, வரைபடத்தில் வடதிசைக் குறி இடும்போதே தீர்மானமாகிவிடுகிறது.

புதுச்சேரியில் அரவிந்தர் ஆசிரமத்துக்காக அந்தோனின் ரேமண்ட் வடிவமைத்து, 1930களின் பிற்பகுதியில் கட்டத் தொடங்கிய கோல்கோண்ட் விடுதி இதற்கு நல்ல பாடம். அக்கான்கிரீட் கட்டடத்தின் நீண்ட பக்கங்கள் வடக்கையும் தெற்கையும் நோக்க, குறுகிய பக்கங்களே கிழக்கு, மேற்கு வெயிலை ஏற்கின்றன. உச்சிவெயிலைச் சன்ஷேடு தடுத்துவிடும், காலையிலும் மாலையிலும் தாழ்ந்து வரும் வெயிலைத் தடுக்காது என்பதே காரணம். ஊர் ஏறத்தாழ 12 டிகிரி வட அட்சரேகையில் இருப்பதால், ஏப்ரல் இறுதி முதல் ஆகஸ்டு பிற்பகுதி வரை நண்பகல் சூரியன் வடபுறமும், மற்ற மாதங்களில் தென்புறமும் சாய்ந்திருக்கும். ஆகவே இருபுறமும் சுவருக்குப் பதிலாகத் திருப்பித் திறந்து மூடக்கூடிய கிடைப்பலகைகள் வரிசையாக அமைந்தன. அறைகளின் தேக்குக் கதவுகள் மூடிய நிலையிலும் பார்வையை மறைத்துக் காற்றை விடுகின்றன. தளத்துக்கு மேல் இடைவெளி விட்டுப் பரப்பிய வளைந்த கான்கிரீட் ஓடுகள் வெயிலைத் தாங்கிக்கொள்கின்றன. சுவருக்குப் பதிலான கிடைப்பலகைகள் கல்நார் சிமெண்டால் ஆனவை என்பதையும் சொல்லியாக வேண்டும்: கல்நார் இழை நுரையீரலுக்குக் கேடு செய்வதால், அங்கே கற்க வேண்டியது அமைப்பையே, பொருளை அன்று.

ஒரு பொருளைத் தோண்டிச் சுட்டு ஏற்றிவந்து கட்டடத்தில் சேர்க்கும்வரை செலவாகும் ஆற்றலை உட்பொதி ஆற்றல் என்பர். சிமெண்டுக்காகச் சுண்ணாம்புக்கல்லைச் சுமார் 1450 டிகிரி செல்சியஸ் வரை சூடாக்கும்போது, எரிபொருளிலிருந்து மட்டுமன்றி, சிதையும் கல்லிலிருந்தும் கரியமில வாயு வெளியேறுகிறது. ஆரோவில்லில் 5 விழுக்காடு அளவே சிமெண்டு கலந்து அழுத்திச் செய்யும் மண்கற்களுக்குச் சூளையே தேவையில்லை. கட்டடக்கலைஞர் லாரி பேக்கர் கேரளத்தில் பரப்பிய எலிப்பொறிக் கட்டு, செங்கல்லைப் பக்கவாட்டில் நிறுத்தி நடுவே வெற்றிடம் விடும் முறையாதலால், ஏறத்தாழக் கால்பங்குச் செங்கல்லை மிச்சப்படுத்துவதோடு வெயிலின் சூட்டையும் மட்டுப்படுத்துகிறது.

குடியிருப்போர் நலத்தை ஆடம்பரமாகக் கருதுவோர், 1984இல் ரோஜர் உல்ரிக் வெளியிட்ட ஆய்வைப் படிக்கலாம். பித்தப்பை அறுவைக்குப் பின் சன்னல் வழியே மரங்களைக் காண முடிந்த நோயாளிகள், செங்கல் சுவரை மட்டுமே காண நேர்ந்தவர்களைவிட முன்னதாக வீடு திரும்பினர். கடுமையான வலிமருந்தும் அவர்களுக்குக் குறைவாகவே தேவைப்பட்டது. காட்சியோடு காற்றும் முக்கியம்: ஸ்பிளிட் ஏசி புறக்காற்றைக் கொண்டுவருவதில்லை, அறையில் உள்ள காற்றையே சுழற்றிக் குளிர்விக்கிறது என்பதைப் பலர் கவனிப்பதில்லை; அடைத்த வகுப்பறையில் தலை கனத்துத் தூக்கம் வருவதற்கு, மூச்சால் அங்கே சேரும் கரியமில வாயுவும் காரணமாகலாம். புதிய பிளைவுட் அலமாரி தரும் கண்ணெரிச்சலுக்குப் பசையிலிருந்து கசியும் ஃபார்மால்டிஹைடு பெரும்பாலும் பொறுப்பு.

தரச்சான்றுகள் பயனற்றவை அல்ல. 2004இல் அப்துல் கலாம் திறந்துவைத்த ஐதராபாத் சிஐஐ-சொராப்ஜி கோத்ரெஜ் பசுமை வணிக மையம், அமெரிக்காவுக்கு வெளியே லீட் என்ற பசுமைக் கட்டடச் சான்றின் பிளாட்டினம் தரம் பெற்ற முதல் கட்டடம். இந்தியாவில் இத்துறைமீது கவனம் திரும்ப அது உதவியது. எனினும் புள்ளிகளைக் கூட்டித் தரம் வழங்கும் முறையில், மேற்கு முகம் முழுவதும் கண்ணாடி போர்த்திய அலுவலகமும் திறன்மிகு குளிர்சாதனத்தைக் காட்டித் தேறிவிட இயலும். ஆற்றல் சேமிப்புப் புள்ளிகள் பெரும்பாலும் ஆள் குடியேறும் முன் கணினியில் செய்த மதிப்பீட்டைச் சார்ந்தவை ஆதலால், வரவேற்பறையில் மாட்டிய சான்றிதழைப் பார்ப்பவர் ஓராண்டு மின்கட்டண ரசீதுகளையும் கேட்டு வாங்கி, மதிப்பிட்ட யூனிட்டையும் மீட்டரில் ஓடிய யூனிட்டையும் ஒப்பிட்டுப் பார்ப்பது நல்லது.