இடைக்கால ஐரோப்பாவில் உலோகப் பொத்தான்கள்

பொத்தான் என்னும் சொல் போர்த்துக்கீசிய மொழியிலிருந்து தமிழுக்கு வந்தது. அம்மொழியில் அதன் மூலச்சொல் பூவின் மொட்டையும் குறிக்கும். இடைக்கால ஐரோப்பியர் அணிந்த உலோகப் பொத்தான்கள் பெரும்பாலும் மொட்டுப் போல் உருண்டு சிறுத்திருந்தமையால் இப்பெயர் அவற்றிற்கு நன்கு பொருந்துகிறது.

பொத்தான் மிகப் பழமையானது. மொகஞ்சதாரோவிலேயே சிப்பிப் பொத்தான்கள் கிடைத்துள்ளன. ஆயினும் நெடுங்காலம் அது அணியாகவே இருந்தது. 13, 14ஆம் நூற்றாண்டுகளில் ஐரோப்பாவில் நிகழ்ந்த உண்மையான புதுமை பொத்தானன்று, அதனை ஏற்கும் துளையே என்பது என் கருத்து. நம் தையற்காரர் 'காஜா' என்பது இதனைத்தான். காஜா பரவிய பின்னரே துணியை உடலோடு ஒட்ட வெட்டித் தைப்பது எளிதாயிற்று. 1364இல் போரில் மாண்ட சார்ல் த புளுவா என்னும் பிரெஞ்சுப் பிரபுவினுடையது எனப்படும் மேலங்கி லியோன் நகர அருங்காட்சியகத்தில் உள்ளது. அதன் முன்புறத்தில் 32 பொத்தான்கள். கைக்கு இருபதாக மேலும் 40. இவை துணி போர்த்தியவை. செல்வர் பலர் இவ்விடத்தில் வெள்ளியும் பொன்னும் விரும்பினர்.

1268ஆம் ஆண்டளவில் எத்தியேன் புவாலோ தொகுத்த பாரிசு நகரத் தொழில் விதிகளில், செம்பிலும் பித்தளையிலும் பொத்தான் செய்வோர் தனித் தொழிலாளராகவே இடம்பெறுகின்றனர். மெல்லிய தகட்டை இரண்டு கிண்ணங்களாகக் குழித்து, வாயோடு வாய் பொருத்திப் பற்றவைத்து, அடியில் கம்பி வளையம் சேர்ப்பது ஒரு முறை. எளியோருக்கு வெள்ளீயமும் காரீயமும் கலந்து அச்சில் வார்த்தனர். புதிதில் அதுவும் வெள்ளி போல் மின்னும்!

இந்த மினுக்கத்தை அரசுகள் விரும்பவில்லை. புளோரன்சு நகர ஆட்சியினர் பெண்களின் ஆடம்பர உடைகளைப் பதிவு செய்து ஈய முத்திரையிட்டனர். பொத்தான்களுக்கும் கட்டுப்பாடு விதித்தனர். தாம் ஆட்சிக்குழுவில் இருந்தபோது நடந்ததாகக் கதாசிரியர் பிராங்கோ சாக்கெட்டி ஒரு நிகழ்ச்சியை எழுதியுள்ளார். சட்டத்தை நிறைவேற்றச் சென்ற எழுத்தர் ஒரு பெண்மணியை நிறுத்தி, இத்தனை பொத்தான்கள் அணியக் கூடாது என்றார். அவளோ, இவை பொத்தான்களே அல்ல, வெறும் குமிழ்கள், வேண்டுமானால் பாரும், அடியில் காம்பு இல்லை, எதிரே துளையும் இல்லை என்று சாதித்துவிட்டாள். மற்றப் பெண்களும் இவ்வாறே வாதாடவே, அதிகாரிகள் அம்முயற்சியைக் கைவிட்டனராம். நகைச்சுவைக் கதைதான், எனினும் பொத்தான் எது, அணி எது என்பதற்கு இதனினும் தெளிவான இலக்கணத்தை நான் படித்ததில்லை.

மறுமலர்ச்சிக் காலத்தில் இவ்வேறுபாடு மீண்டும் மங்கியது. ஹோல்பைன் தீட்டிய எட்டாம் ஹென்றியின் உருவங்களில், மார்பிலும் கைகளிலும் பொன்னில் பதித்த மணிகள் வரிசையாக ஒளிர்கின்றன. ஆடையை இறுகப் பூட்டும் வேலை அவற்றிற்குச் சிறிதே.

அத்தகைய பொற்பொத்தான்கள் ஓர் உடையிலிருந்து மற்றோர் உடைக்கு மாறும். பணமுடை வந்தால் உருக்குப் பானைக்குப் போகும். ஆதலால் எஞ்சியவை மிகக் குறைவு. தேம்சு ஆற்றின் சேற்றிலிருந்து இன்றும் கிடைப்பவற்றுள் எளிய மக்கள் அணிந்த ஈயப் பொத்தான்கள் பல.