பழைய பிக்கப் வண்டி குலுங்கினால்...

சாத்தூர், சிவகாசி வட்டாரங்களில் மிளகாய், பருத்தி மூட்டை ஏற்றும் பழைய டீசல் பிக்கப் வண்டி, நிற்கும்போது குலுங்கி ஓடினால் உடனே எஞ்சினைப் பிரிக்க வேண்டியதில்லை.

முதலில் டீசல் பில்டரில் தேங்கிய நீரை வடிக்கவும். குழாய் இணைப்பு தளர்ந்திருந்தால் காற்று புகும். இறுக்கிய பின், பில்டர் திருகைத் தளர்த்தி, குமிழி நிற்கும் வரை கைப்பம்பை அடிக்கவும்.

பின்னும் குலுங்கினால், எஞ்சின் ஓடும்போதே இன்ஜெக்டர் குழாய் நட்டுகளை ஒவ்வொன்றாகச் சற்றுத் தளர்த்தி இறுக்கவும். எதைத் தளர்த்தியும் ஓட்டம் மாறவில்லையோ, அந்தச் சிலிண்டரில்தான் கோளாறு. அந்த இன்ஜெக்டரை மட்டும் முதலில் சோதனைக்குக் கொடுத்தால் செலவு குறையும்.

எச்சரிக்கை: பீறிடும் டீசல் தோலைத் துளைக்கும், கண்ணாடி அணிந்து, கையை விலக்கி வைக்கவும். காமன் ரெயில் எஞ்சினில் நட்டைத் தொடவே கூடாது. பட்டாசு, கருந்திரி வைத்துள்ள இடத்தின் அருகே இவ்வேலை வேண்டாம்.