குளிருக்கு ஒரு கையுறை, ஒரு சால்வை

ஊட்டியில் டிசம்பர், ஜனவரி விடியலில் புல்லெல்லாம் உறைபனி படிந்திருக்கும். அந்த நேரத்தில் சில்லறை எண்ணவும் போனைத் தொடவும் விரல் நுனி வெளியே இருந்தாக வேண்டும். அதற்குத்தான் விரலில்லாத கையுறை. புதிதாகப் பின்னுபவர்கள் எடுத்த எடுப்பில் ஸ்வெட்டருக்குப் போய் அலுத்துவிட வேண்டாம். ஒரு செவ்வகம் பின்ன வந்தால் கையுறை ரெடி. ஒரு முக்கோணம் வந்தால் சால்வை.

1. முதல் வேலைக்கு வெளிர் நிற நூலே நல்லது. கறுப்பிலும் கருநீலத்திலும் கண்ணி கண்ணுக்குத் தெரியாது. தேவையான நூல் முழுவதையும் ஒரே நாளில், லேபிளில் சாய எண் ஒன்றாக இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். எண் மாறினால், ஒரே நிறம் என்று கடைக்காரர் சொன்னாலும் சால்வையின் நடுவில் கோடு விழும்.

2. முதலில் 10 செ.மீ. சதுரம் ஒன்று பின்னி, அலசி, காயவைத்து அளந்து பாருங்கள். பலரும் தாண்டிப் போகும் படி இது. அளவு தப்புவதும் இதை விடுவதால்தான்.

3. கையுறை: நடுத்தர கனமுள்ள நூல் 50 கிராம், 4 மி.மீ. ஊசி. சுமார் 40 கண்ணி ஏற்றினால் 18 செ.மீ. வரும், அதுதான் கையுறையின் நீளம். எல்லா வரிசையும் நிட் மட்டும், பர்ல் தேவையில்லை. துண்டை லேசாக இழுத்தால் உள்ளங்கையைச் சுற்றி வரும் அளவானதும் முடியுங்கள். தொடங்கிய ஓரத்தையும் முடித்த ஓரத்தையும் சேர்த்துத் தையுங்கள்: விரல் பக்கமிருந்து 4 செ.மீ. தைத்து, கட்டைவிரலுக்கு 5 செ.மீ. விட்டு, மீதியைத் தைத்தால் முடிந்தது. குறுக்காகப் பின்னுவதால் துணி கையைச் சுற்றி நன்றாக இழுபடும். இடது, வலது என்ற கவலையும் இல்லை.

4. ஊசிக்குப் பதில் ஊக்கால் பின்னும் குரோஷாவில் என்றால் 18 செ.மீ. சங்கிலி போட்டு, ஒவ்வொரு கண்ணியிலும் பின்பக்க இழையை மட்டும் எடுத்து சிங்கிள் குரோஷா போடுங்கள். வரிவரியாக மடிப்பு விழுந்து ரப்பர்போல் இழுபடும். நூல் கொஞ்சம் கூடுதலாகப் பிடிக்கும். ஆனால் ஊக்கில் ஒரே கண்ணி நிற்பதால், நழுவிப்போகும் பயம் இல்லை.

5. பிறர் எழுதிய பின்னல் குறிப்பைப் பார்த்துச் செய்தால், அது எந்த நாட்டு முறை என்று பாருங்கள். அமெரிக்க சிங்கிள் குரோஷாவைத்தான் பிரிட்டனில் டபுள் குரோஷா என்கிறார்கள்.

6. சால்வை: அதே நூல் 250 முதல் 300 கிராம், 6 மி.மீ. வட்ட ஊசி. நேர் ஊசியில் கண்ணிகள் நெருக்கியடித்து விழுந்துவிடும். 3 கண்ணியில் தொடங்குங்கள். ஒவ்வொரு வரிசையிலும் முதல் கண்ணியை முன்னால் ஒருமுறை, பின்னால் ஒருமுறை பின்னி இரண்டாக்குங்கள், மற்றதெல்லாம் நிட். கணக்கு அவ்வளவுதான். முக்கோணம் தானாக விரியும், எந்த வரிசையிலும் நிறுத்தலாம். மீந்த நூல்களைப் பட்டை பட்டையாகச் சேர்க்க இதைவிட நல்ல வடிவம் இல்லை.

7. முடிக்கும் வரிசைக்கு, அந்த ஓரத்தின் நீளத்தைப்போல் நான்கு மடங்கு நூலை ஒதுக்கி வையுங்கள். முடிக்கும்போது ஒரு அளவு பெரிய ஊசி எடுங்கள். இறுகினால் ஓரம் சுருண்டு சால்வை தோளில் விழாது.

8. ஸ்காட்லாந்தின் ஷெட்லாந்து தீவுகளில், மோதிரத்துக்குள் நுழையும் அளவு மெல்லிய சால்வைகளை அலசி, மரச்சட்டத்தில் இழுத்துக் கட்டிக் காயவைப்பார்கள். ஈரச் சால்வையை இழுத்துக் குத்திவைக்க நமக்குப் பாயும் துருப்பிடிக்காத குண்டூசியும் போதும். கம்பளி இதில் வடிவம் பிடிக்கும். அக்ரிலிக் அவ்வளவாகப் பிடிக்காது. அதன்மேல் சூடான இஸ்திரிப் பெட்டியை வைத்தால் இழை தொய்ந்து உயிரிழந்துவிடும்.

9. கம்பளியை வெந்நீரில் கசக்கினால் சுருங்கிக் கெட்டியாகிவிடும். குளிர்ந்த நீரில் அமுக்கி எடுத்து, துண்டில் சுருட்டி அழுத்தி ஈரத்தை எடுத்து, நிழலில் பரப்பிக் காயவையுங்கள். கொடியில் தொங்கவிட்டால் நீண்டுவிடும்.