தோமாவை இப்படிச் சொல்லிக் கொடுங்கள்

இந்த வருஷம் முதல் தடவையாக வாலிபர் வகுப்பு எடுக்கப் போகிற தம்பி தங்கைகளுக்கு இதை எழுதுகிறேன். தாம்பரம், சேலையூர், பெருங்களத்தூர் எங்கே போனாலும் ஈஸ்டரை ஒட்டி யோவான் 20-ஆம் அதிகாரத்தின் 24 முதல் 29 வரையுள்ள வசனங்களைப் பிரசங்கத்தில் கேட்கலாம். 'சந்தேகத் தோமா' என்று பேர் வைத்து, கேள்வி கேட்கும் பிள்ளைகளின் வாயை அடைக்கவே அந்தப் பகுதி பெரும்பாலும் பயன்படுகிறது. அது சொல்வதோ நேர் எதிரானது.

1. 24-ஆம் வசனத்தில் ஆரம்பிக்காதீர்கள். 19-லிருந்து வாசிக்கச் சொல்லுங்கள். முதல் நாள் சாயங்காலம் இயேசு வந்தபோது, யாரும் கேட்காமலே கையையும் விலாவையும் காட்டினார். அதைக் கண்ட பிறகுதான் சீஷர்கள் சந்தோஷப்பட்டார்கள். லூக்கா 24-ஐயும் பக்கத்தில் வையுங்கள்: கல்லறைக்குப் போய்வந்த பெண்கள் சொன்னதை அப்போஸ்தலர்கள் வீண்பேச்சு என்று தள்ளினார்கள். ஆக, மற்றவர்களுக்குக் காட்டியதைத்தான் தோமா தனக்கும் கேட்டார். அன்று அவர் அங்கே இல்லை, அவ்வளவுதான். பத்துப் பேரும் தப்பித்துக்கொள்ள, பழி மட்டும் ஒருவர் தலையில் விழுந்தது நியாயமே இல்லை.

2. யோவான் 11:16-ஐயும் 14:5-ஐயும் விடாதீர்கள். யூதேயாவுக்குப் போனால் கல்லெறிவார்கள் என்று மற்றவர்கள் தயங்கியபோது, நாமும் போய் அவரோடு சாவோம் என்றவர் தோமா. புரியாததைப் புரியவில்லை என்று நேரே இயேசுவிடமே சொன்னவரும் அவர்தான்.

3. எட்டு நாளை நிதானமாகப் பாருங்கள். எனக்கு இந்தப் பகுதியின் உயிரே அங்கேதான் இருக்கிறது. காயங்களைப் பார்த்துத் தொடாமல் நம்ப மாட்டேன் என்று தோமா நிபந்தனையே போட்டுவிட்டார். ஆனாலும் எட்டு நாள் கழித்து, கதவு பூட்டிய அந்த வீட்டுக்குள் அவரும் இருக்கிறார். மற்றவர்கள் அவரை விலக்கி வைக்கவில்லை. அவரும் கோபித்துக்கொண்டு போகவில்லை. உள்ளே வந்த இயேசு எல்லாருக்கும் சமாதானம் சொன்ன கையோடு தோமாவிடம் திரும்பி, அவர் போட்ட நிபந்தனைகளையே ஒவ்வொன்றாகச் சொல்லிக் கையை நீட்டச் சொல்கிறார். தோமா கேட்டது இயேசுவின் காதில் விழுந்திருக்கிறது. அதற்காகவே வந்தும் இருக்கிறார்.

குரோம்பேட்டையில் ஒரு வீட்டு ஜெபக்கூட்டம். கொரோனா இரண்டாம் அலையில் அப்பாவைப் பறிகொடுத்த கல்லூரிப் பெண் ஒருத்தி, "சபையே ஜெபம் பண்ணிச்சே, ஏன் கேட்கலை?" என்றாள். "தோமா மாதிரி பேசாதேம்மா, விசுவாசி" என்றார் ஒரு பெரியவர். அவள் வேதாகமத்தை மூடி மடியில் வைத்துக்கொண்டாள். அதற்குப் பிறகு அவள் வரவேயில்லை. அந்தப் பெரியவர் கெட்டவர் அல்ல. ஆனால் தோமாவுக்கு எட்டு நாள் கிடைத்தது. அந்தப் பெண்ணுக்கு எட்டு நிமிஷம்கூடக் கிடைக்கவில்லை.

4. தோமா காயத்தைத் தொட்டார் என்று சொல்லிக் கொடுக்காதீர்கள். தொட்டதாக வேதத்தில் இல்லை. 1600-களின் தொடக்கத்தில் இத்தாலியின் கரவாஜியோ வரைந்த ஓவியத்தில் விரல் காயத்துக்குள்ளேயே போகிறது. அப்படிப்பட்ட படங்கள்தான் நம் மனதில் பதிந்துவிட்டன. யோவான் காட்டுவது, தோமா உடனே இயேசுவைத் தன் ஆண்டவராகவும் தேவனாகவும் அறிக்கையிட்டதை. அந்த சுவிசேஷத்தில் வேறு எந்தச் சீஷரும் அவ்வளவு தூரம் போய்ச் சொல்லவில்லை.

5. காணாமல் விசுவாசிப்பவர்களைப் பாக்கியவான்கள் என்ற 29-ஆம் வசனத்தை தோமாவுக்கு விழுந்த குட்டாக மட்டும் எடுக்காதீர்கள். அடுத்த இரண்டு வசனங்களில் இந்தப் புத்தகம் எதற்காக எழுதப்பட்டது என்று வருகிறது. இயேசுவைக் கண்ணால் பார்த்திராத தலைமுறைகளை, அதாவது நம்மை, நினைத்துச் சொன்ன ஆசீர்வாதம் அது.

6. ஒரு சனிக்கிழமை பிள்ளைகளைப் பரங்கிமலைக்குக் கூட்டிப் போங்கள். தாம்பரத்தில் மின்ரயில் ஏறினால் ஏழாவது நிறுத்தம். 1523-இல் போர்த்துகீசியர் கட்டிய கோவில்; பலிபீடத்துக்குப் பின்சுவரில், ஓரத்தைச் சுற்றி பஹ்லவி எழுத்து ஓடும் கற்சிலுவை. அது 1547-இல் கிடைத்தது. தோமா கி.பி. 52-இல் இந்தியா வந்து 72-இல் இந்த மலையில் ஈட்டியால் குத்தப்பட்டு இறந்தார் என்பது பாரம்பரியம், வேதத்தில் இல்லை. சிலுவையும் அவர் காலத்துக்குப் பல நூற்றாண்டு பிந்தியது. அவரை இந்தியாவோடு சேர்த்துப் பேசும் 'தோமாவின் நடபடிகள்' என்ற சிரியாக் மொழி நூல் 3-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது. "நிஜமா வந்தாரா அண்ணா?" என்று ஒரு பையன் கேட்டால், இதையெல்லாம் உள்ளபடி சொல்லுங்கள். தோமாவின் மலையில் ஆதாரம் கேட்பது தோமாவுக்கு அவமரியாதை ஆகாது.

7. கேள்வி கேட்டால் விசுவாசம் போய்விடும் என்று பயப்படுகிறவர்களுக்கு நம் ஊர்ச் சரித்திரத்தையே சொல்லுங்கள். 1938 டிசம்பரில், தாம்பரத்துக்கு இடம் மாறி இரண்டாண்டுகூட ஆகாத சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரி வளாகத்தில் உலக மிஷனரி மாநாடு கூடியது. அதற்கென்றே டச்சு மிஷனரி அறிஞர் ஹெண்ட்ரிக் கிரேமர் ஒரு பெரிய புத்தகம் எழுதியிருந்தார். பி. செஞ்சையா, வி. சக்கரை போன்ற நம்மவர்கள் அவரோடு வெளிப்படையாக முரண்பட்டு எழுதினார்கள். அவர்கள் யாரும் சபைக்கு வெளியே நின்று பேசியவர்கள் அல்ல.

8. ஒரு மணி நேர வகுப்பு என்றால் கடைசி அரை மணியைக் கேள்விக்கு விடுங்கள். பதில் தெரியாவிட்டால் நோட்டில் எழுதிக்கொண்டு, ஆயரிடம் கேட்டு அடுத்த வாரம் வந்து சொல்லுங்கள். கேட்ட பிள்ளை அந்த வாரம் வரவில்லை என்றால் வீட்டுக்கே போய்ப் பாருங்கள்.