அழுகிறவரைப் பார்த்தால் நம் முகமும் ஏன் கோணுகிறது?

கேள்வி: யாராவது அழுதால், டி.வி.யில்கூட, என் முகமும் கோணிவிடுகிறது. எனக்கு இரக்க குணம் அதிகம் என்று அர்த்தமா?
– ஒரு வாசகி, திண்டுக்கல்

பதில்: இது பெரும்பாலும் எல்லோருக்கும் நடப்பதுதான். உங்களுக்கு வெளியே தெரிகிறது, அவ்வளவே. ஸ்வீடனில் உல்ஃப் டிம்பெர்க் குழுவினர் 2000-இல் வெளியிட்ட ஆய்வில், சிரித்த முகத்தை 30 மில்லி விநாடி மட்டும் காட்டி, உடனே உணர்ச்சியற்ற முகத்தால் மறைத்தார்கள். சிரிப்பைப் பார்த்த நினைவே யாருக்கும் இல்லை. ஆனால் கன்னத்தில் ஒட்டியிருந்த மின்முனைகள், சிரிப்புத் தசை லேசாக இழுபட்டதைப் பதிவு செய்தன. கோப முகத்துக்குப் புருவத் தசை சுருங்கியது.

அடுத்தவர் மனநிலையைப் பிடித்துக்கொள்ள இந்த அசைவு ஓரளவு கைகொடுக்கலாம். அதற்காக இதை இரக்கத்தின் அளவுகோலாக்க முடியாது. மோபியஸ் குறைபாட்டோடு பிறந்தவர்களுக்கு முகத் தசைகள் அசையாது, புன்னகைக்கவே முடியாது. அப்படிப்பட்டவர்களை வைத்து 2010-இல் வெளியான ஆய்வில், முகக்குறிப்புகளை அவர்கள் மற்றவர்களைப் போலவே கண்டுபிடித்தார்கள். அவர்களைப் பார்த்து 'கல்நெஞ்சம்' என்று முடிவு கட்டுவது எவ்வளவு பெரிய அநியாயம்! பக்கவாதத்தாலும் பார்கின்சன் நோயாலும் முகம் இறுகிப்போனவர்கள் நம் வீடுகளிலேயே இருக்கிறார்கள். முகம் மாறவில்லையே என்று அவர்களிடம் பேச்சைக் குறைத்துவிடாதீர்கள்.